தார் ஆட்டு வேட்டைக்கு எடை குறைந்த ரைஃபிள், எது வாங்கலாம்?

மலைக்கால்:
நியூசிலாந்து தெற்குத் தீவில் இருக்கிறேன், லைசென்ஸ் எடுத்து ஒரு வருடம். குளிர்காலத்தில் இமயமலைத் தார் ஆட்டுக்குப் போகலாம் என்று எண்ணம். என் பழைய ரைஃபிள் (308 தோட்டாவுக்கானது), ஸ்கோப்போடு, அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கியோடு, நாலரை கிலோ, போன தடவை சுமந்து ஏறியதில் தோள் போய்விட்டது. 300 மீட்டருக்கு மேலும் சுட வேண்டி வரலாம். கிம்பர் மவுன்டன் அசென்ட் சுமார் 2.2 கிலோதானாமே, அதையே வாங்கிவிடவா?

பனிக்காடு:
அவசரப்படாதீர்கள். துப்பாக்கி லேசானால் உதை கூடும், மேடேறி மூச்சு வாங்கும்போது குறியும் ஆடிக்கொண்டே இருக்கும், போதாததற்கு மெல்லிய பேரல் நாலைந்து குண்டிலேயே சூடேறிவிடும். நானென்றால் டிக்கா டி3எக்ஸ் லைட், 6.5 க்ரீட்மூர் தோட்டாவுக்கானது. 3 கிலோவை ஒட்டி வரும், உதை குறைவு. மிச்சப் பணத்துக்குத் தோட்டா வாங்கிப் பழகுங்கள்.

கிழக்குச்சரிவு:
டிக்கா சரி. ஆனால் அதன்மேல் ஒரு கிலோ ஸ்கோப்பை ஏற்றினால் என்ன பயன்? சத்தம் குறைக்கும் சப்ரஸர் போடுவீர்கள் என்றால் அந்த எடையையும் நீளத்தையும் இப்போதே கணக்கில் சேருங்கள். அப்புறம், செங்குத்தாக மேலேயோ கீழேயோ சுடும்போது உங்களிடமிருந்து விலங்குக்கு உள்ள சாய்வான நேர்தூரத்துக்குக் குறிவைத்தால் குண்டு உயரப் போகும், தரைமட்டமாக அளக்கும் கிடைத்தூரம்தான் கணக்கு. கோணமும் காட்டும் ரேஞ்ச்ஃபைண்டர் (தூரம் அளக்கும் கருவி) அவசியம்.

மலைக்கால்:
நன்றி, டிக்காவையே பார்க்கிறேன். ஊரில் வரையாட்டை (நீலகிரி தார்) தொட்டால் ஜெயில், இங்கே 1904-ல் கொண்டுவந்து விட்ட தார் பெருகிப்போய் அரசே சுடச் சொல்கிறது! ஸ்கோப் அரை கிலோவுக்குள் கிடைக்குமா?

கிழக்குச்சரிவு:
கிடைக்கும். 3 முதல் 9 மடங்கு வரை பெரிதாக்கிக் காட்டும் 3-9 போதும்.