பச்சையரிசிச் சோறு அடியில் குழைகிறது, மேலே வேகவில்லை

வணக்கம் உறவுகளே. நாங்கள் கிளிநொச்சிப் பக்கம். இரணைமடுத் தண்ணீர் பாயும் வயல் நெல்லை அவித்துக் குத்திய சிவப்பரிசிதான் வீட்டில் எப்போதும். நிறையத் தண்ணீரில் கொதிக்கவிட்டு, பதம் பார்த்துக் கஞ்சியை வடித்தால் சரி. இப்போது அம்மம்மாவுக்கு வயிறு சரியில்லை. கொஞ்ச நாளைக்கு வெள்ளைச் சோறு கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

அந்தப் பச்சையரிசிதான் பிடிபடவில்லை. ஒரு சுண்டு அரிசிக்கு 2 சுண்டு தண்ணீர், கேஸ் அடுப்பு, மெல்லிய அலுமினியச் சட்டி. கொதித்ததும் மூடி, நெருப்பைக் குறைக்கிறேன். மேலே உள்ள பருக்கையை நசுக்கினால் நடுவில் வெள்ளைப் புள்ளி தெரிகிறது. அடியிலோ கூழாகி ஒட்டிப் பிடித்திருக்கிறது. அவித்த அரிசி அளவுக்கு இதற்குத் தண்ணீரும் நேரமும் வேண்டியதில்லை என்று தெரியும், ஆனால் எவ்வளவு குறைப்பது?

அரிசியை ஊறவைக்க வேண்டுமா? அடி கனத்த சட்டிக்கு மாறினால் சரிவருமா? அடுப்பை நிறுத்திய பிறகு, மூடியைத் திறக்காமல் ஒரு 10 நிமிடம் விட்டால் மேல்சோறும் வெந்துவிடுமா? இல்லை, இதையும் வடிக்கத்தான் வேண்டுமா?

அம்மம்மாவுக்குக் கஞ்சி என்றாலே வேண்டாம். சோறு சோறாக இருந்தால்தான் நாலு வாய் சாப்பிடுவா. கேஸில் சமைக்கிற அக்காமார், தண்ணீர் அளவைச் சுண்டுக் கணக்கில் சொல்லுங்கோ.