வெள்ளெழுத்து வந்த கண்ணும் ஏர் பிஸ்டலும்: உங்கள் அனுபவம் எப்படி?

வெண்ணாறு (தஞ்சாவூர்):

வெள்ளெழுத்து வந்த பிறகும் சுடுவதை விடாதவர்கள் கண்ணாடிக்கு என்ன வழி செய்கிறீர்கள் என்று எழுதுங்கள். என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. சுடுவது 10 மீட்டர் ஏர் பிஸ்டல், போட்டிருப்பது புரோக்ரெசிவ் கண்ணாடி, மேலே தூரத்துக்கும் கீழே கிட்டத்துக்கும் பவர் மாறுகிற வகை. தெருவுக்கும் செல்போனுக்கும் அது போதும். சுடுகிற ரேஞ்சில்தான் தொல்லை. ஃபோர்சைட், அதாவது குழல் நுனியில் இருக்கிற குறித்தகடு, தெளிய வேண்டுமானால் மோவாயைத் தூக்க வேண்டும். தூக்கினால் கழுத்து இறுகுகிறது, கை ஆடுகிறது.

என்னுடன் சுடுகிற பலர் டார்கெட் மங்குகிறது என்று தூரப் பார்வை பவருக்காகவே அலைகிறார்கள். டார்கெட் மங்கினால் குடி முழுகிவிடாது. பின்னால் பள்ளம் வெட்டிய தகடான பேக்சைட்டுக்கும் ஃபோர்சைட்டுக்கும் இடையே சுமார் 30 செ.மீ. ஃபோர்சைட் பள்ளத்துக்குள் 1 மி.மீ. ஒதுங்கினால் 10 மீட்டரில் பெல்லட் 3 செ.மீ.க்கு மேல் ஒதுங்கும். பத்து வளையத்தின் குறுக்களவே 11.5 மி.மீ.தான். ஆக, கண்ணுக்குத் துல்லியமாகத் தெரிய வேண்டியது கைக்கு முன்னால் இருக்கிற அந்தக் கறுப்புத் தகடு. டார்கெட்டின் கறுப்பு வட்டம் கலங்கலாக இருந்துவிட்டுப் போகட்டும்.

கண்ணாடிக் கடையில் படிக்கிற தூரமா, ரோட்டில் பார்க்கிற தூரமா என்றுதான் கேட்பார்கள். நமக்கு வேண்டியது இரண்டும் இல்லை. அதனால் வீட்டிலேயே, கையை நீட்டிப் பிஸ்டலைப் பிடித்துக்கொண்டு, கண்ணிலிருந்து ஃபோர்சைட் வரை மனைவியை டேப் வைத்து அளக்கச் சொன்னேன். ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. பிஸ்டலைக் கடைக்கு எடுத்துப்போனால் கூட்டம் கூடிவிடும். ஃபோர்சைட் அகலத்துக்குக் கறுப்புத் தாளை வெட்டி, மர ஸ்கேல் நுனியில் ஒட்டி எடுத்துப்போனேன். கடைப் பையன் அதே தூரத்தில் பிடித்துக்கொண்டான். பின்னால் எதிர்க்கடை போர்டில் இருந்த ஒரு வட்ட எழுத்துதான் டார்கெட். சோதனை ஃபிரேமில் என் தூரப் பவரை வைத்து, அதன்மேல் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தோம். 0.50 கூட்டியபோது தாளின் விளிம்பில் சாம்பல் படிந்த மாதிரி இருந்தது. 0.75-ல் விளிம்பு கத்தியாகத் தெரிந்தது, எழுத்தும் வட்டமாக நின்றது. 1.00-ல் தாளுக்குக் குறையில்லை, ஆனால் எழுத்து கரைந்துபோனது. 0.75-ஐயே சாதாரண ஒற்றைப் பவர் லென்ஸாக, பழைய ஃபிரேமில் போடச் சொன்னேன். இப்போது ரேஞ்சுக்கு அது மட்டும்தான்.

குடமுருட்டி (பாபநாசம்):

அண்ணே, எங்கள் வீட்டில் பிரச்சினை வயசால் வந்ததில்லை. மகள் என்.சி.சி.யில் .22 ரைஃபிள் சுடுகிறாள். வலது கைக்காரி. மாயவரம் கடைமுகத் திருவிழாவில் பலூன் சுடும்போது இடது கண்ணை இறுக மூடிக்கொண்டுதான் சுடுவாள், விளையாட்டுக்கு என்று நாங்களும் விட்டுவிட்டோம். அப்புறம் கோச் ஒரு சோதனை செய்தார். இரண்டு கையையும் நீட்டி, நடுவில் சின்ன ஓட்டை விட்டு, அதன் வழியே தூரத்துச் சுவிட்சைப் பார்க்கச் சொன்னார். வலது கண்ணை மூடினாலும் சுவிட்ச் தெரிந்தது, இடது கண்ணை மூடினால் காணோம். ஆள்வது இடது கண், துப்பாக்கி இருப்பதோ வலது தோளில்.

தோளை மாற்றச் சொல்வார்கள் என்று பயந்தோம், சொல்லவில்லை. இடது கண்ணுக்கு முன்னால் பால் நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் துண்டு, அவ்வளவுதான். வெளிச்சம் வரும், படம் வராது. கறுப்பு அட்டை வேண்டாம் என்றார். ஒரு கண் இருட்டில் இருந்தால் இரண்டு கண்மணியுமே விரியுமாம், குறி பார்க்கிற கண்ணின் தெளிவு குறையுமாம். போட்டியில் அந்தத் துண்டு 30 மி.மீ. அகலத்துக்கு மேல் இருக்கக் கூடாது. கண்ணை இடுக்குவது நின்றதும் அவளுக்கு நெற்றி வலியும் நின்றது.

கொள்ளிடக்கரை (திருச்சி):

எனக்குப் புரையும் சர்க்கரையும் சேர்ந்தே வந்தன. 2022-ல் இங்கே ரைஃபிள் கிளப்பில் மாநிலப் போட்டி நடந்து, அஜித் வந்தார் என்று ஊரே திரண்டதே, அந்தச் சமயத்தில் கறுப்பு வட்டம் எனக்கு இரண்டாகத் தெரிந்துகொண்டிருந்தது. டார்கெட் மேல் விளக்கு பளிச்சென்று இருக்கும், சுற்றிலும் ஒளி சிதறும். கண்ணாடியை எத்தனை முறை துடைத்தாலும் போகாது.

ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் துப்பாக்கி சுடுகிறவன் என்று சொல்லிவிட்டேன். உள்ளே வைக்கிற சாதாரண லென்ஸுக்கு ஒரு தூரம்தான் உண்டு, தானாக மாறிக்கொள்ளாது. தூரத்துக்கு வைத்துக்கொண்டு, ஃபோர்சைட்டுக்குத் தனியாகக் கண்ணாடி போடலாம் என்றார். அதைத்தான் செய்தேன். வெள்ளை வெள்ளையாகத் தெரிவதே பெரிய சந்தோஷம்!

சர்க்கரைக்காரர்களுக்கு ஒரு விஷயம். சர்க்கரை ஏறி இறங்கும்போது கண்ணின் லென்ஸில் நீர்ச்சத்தும் மாறும், பவரும் கூடவே மாறும். கட்டுக்குள் வராத வாரத்தில் பவர் பார்த்துக் கண்ணாடி போட்டால் காசு தண்டம். என்னைக் கேட்டால் முதலில் சர்க்கரை, பிறகு கண், கடைசியில்தான் துப்பாக்கி. வயதைப் பற்றிக் கவலை வேண்டாம். 1920 ஒலிம்பிக்கில் ஸ்வீடனின் ஆஸ்கர் ஸ்வான் 72 வயதில் வெள்ளி வாங்கியிருக்கிறார்.

அரசலாறு (கும்பகோணம்):

வெண்ணாறு சார், தனிக் கண்ணாடிக்குப் பதில் பிஸ்டலிலேயே ஒரு லென்ஸை மாட்டிவிட்டால் ஆகாதா? 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அந்தத் துருக்கிக்காரர் யூசுஃப் டிகேச் சாதாரணக் கண்ணாடியோடு, இரண்டு கண்ணும் திறந்தபடி வெள்ளி வாங்கினாரே, நாம் மட்டும் ஏன் இத்தனை பாடுபட வேண்டும்?

வெண்ணாறு (தஞ்சாவூர்):

பிஸ்டலில் லென்ஸ் மாட்டப் போட்டி விதி இடம் தராது, கண்ணில்தான் போட வேண்டும். யூசுஃப் டிகேச் எளிமையாக நின்றார் என்பது சரி, ஆனால் அவரும் கண்ணாடி போட்டிருந்தார், அதைக் கவனியுங்கள். இரண்டு கண்ணும் திறந்து சுடுவது பழக்கத்தில் வருவது, வந்தால் நல்லதுதான். எனக்கு வரவில்லை.

செலவு செய்ய மனமில்லை என்றால் முதலில் இதைச் செய்து பாருங்கள். கறுப்பு இன்சுலேஷன் டேப்பில் ஊசியால் 1 மி.மீ. துளை போட்டு, குறி பார்க்கும் லென்ஸில் சரியான இடத்தில் ஒட்டுங்கள். ஃபோர்சைட்டும் வட்டமும் ஒருசேரத் தெளியும். துளை அதைவிடச் சிறிதானால் இருட்டும், தெளிவும் கெடும். இது தேறினால், துளையை விரித்துச் சுருக்கும்படி கண்ணாடியில் மாட்டுகிற ஐரிஸ் வாங்கலாம். என்னுடையது ஒன்று சும்மா கிடக்கிறது. ஞாயிறு திருச்சி ரேஞ்சுக்கு வந்தால் மாட்டிப் பாருங்கள். ஆறேழு விநாடிக்கு மேல் முறைத்துப் பார்க்காமல் கையை இறக்கிவிடுங்கள், கண் சலித்துப்போனால் ஐரிஸும் உதவாது.