நெஞ்சு இறுக்கம்: கிளம்புவதா வேண்டாமா என்று குழம்பிய நேரம்

கடைசிப்படி
அப்பாவுக்கு நடந்தது. இரண்டு வருடம் ஆகியும் அந்தச் சட்டைப் பொத்தான் கண்ணிலேயே நிற்கிறது. விடிகாலை 4 மணி. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து உள்ளங்கையால் நடுநெஞ்சைத் தேய்த்துக்கொண்டே, "வாயுடா, ஏப்பம் வந்தால் சரியாகிவிடும்" என்றார். மின்விசிறி ஓடுகிறது, நெற்றியெல்லாம் வியர்வை. வலி என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கிறது, அவ்வளவுதான். நெஞ்செரிச்சல் மருந்தை ஊற்றிக் கொடுத்தேன். "தேவலை" என்றார். அதை நம்பி முக்கால் மணி நேரம் போயிற்று. அப்புறம் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். பொத்தானைத் துளைக்குள் நுழைக்க முடியவில்லை. மூன்று தடவை முயன்றார். அதைப் பார்த்த பிறகுதான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். ஒரு ரத்தக்குழாய் முழுக்க அடைப்பு, ஸ்டென்ட் வைத்தார்கள், இப்போது நடமாடுகிறார். அந்த முக்கால் மணியில் இதயத்தசை எவ்வளவு போயிற்று என்று டாக்டரிடம் நான் கேட்கவே இல்லை.

விரல்நுனி
எனக்கு நேர்மாறு. வரிசையில் நிற்கும்போது நெஞ்சு இறுகியது, மூச்சு போதவில்லை, இரண்டு கை விரல்களும் மரத்துப்போய் உள்ளே மடங்கிக்கொண்டன. செத்தேன் என்றே நினைத்தேன். அவசரப் பிரிவுக்குப் போய்ச் சேர்வதற்குள் பாதி அடங்கிவிட்டது. இசிஜி, ரத்தப் பரிசோதனை எல்லாம் சரி. பதற்றத்தில் வேகவேகமாக மூச்சு விட்டு ரத்தத்தில் கரியமில வாயு குறைந்ததால்தான் விரல் மடங்கியது என்றார்கள். அங்கிருந்த ஒருவர் "இதுக்கா வந்தீங்க?" என்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்தார். அது இன்னும் உறுத்துகிறது. பிறகு இரண்டு தடவை வந்தது, நான் போகவில்லை. எல்லாவற்றுக்கும் ஓட வேண்டியதில்லை.

பழையஷிப்ட்
விரல்நுனி, அந்தக் கடைசி வரியை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அவசரப் பிரிவில் பல வருடம் இரவு ஷிப்ட் பார்த்தவள் நான். பதற்றமா இதயமா என்று வீட்டில் உட்கார்ந்துகொண்டு பிரித்துவிட முடியாது. விரலால் தொட்டு "இங்கே" என்று காட்டுகிற வலி, அழுத்தினால் கூடுகிற வலி என்றால் பெரும்பாலும் தசையோ விலாக் குருத்தெலும்போ. பெரும்பாலும்தான். முஷ்டியை நடுநெஞ்சில் வைத்துக் காட்டுகிறவரைப் பார்த்தால் என் கால் தானாக நகரும். இறுக்கம் தோள், கை, தாடை, முதுகு என்று பரவினாலோ, கூடவே வியர்வை, குமட்டல், மூச்சுத் திணறல் இருந்தாலோ, உட்கார்ந்து சில நிமிடம் ஆகியும் விடாவிட்டாலோ ஆம்புலன்ஸ்தான். நீங்களே வண்டி ஓட்டாதீர்கள். நெஞ்செரிச்சல் மருந்தில் தேவலையானது எதற்கும் அத்தாட்சி இல்லை, கடைசிப்படி. ஒரு கால் மட்டும் வீங்கி, திடீரென்று மூச்சு வாங்கினால் நுரையீரலில் ரத்தக்கட்டி இருக்கலாம், அதற்கும் காத்திருக்கக் கூடாது. 'விடாமல் இருமினால் மாரடைப்பு நிற்கும்' என்று சுற்றுகிற செய்தியை யாராவது இங்கே போட்டால் எனக்குக் கெட்ட கோபம் வரும். ஆஸ்பிரினையும் நீங்களாகப் போட வேண்டாம். முதலில் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், அவர்கள் மாத்திரையை மென்று தின்னச் சொன்னால் மட்டும் மெல்லுங்கள். இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயான பெருந்தமனி கிழிந்த வலியாக இருந்தால் அதே மாத்திரை கெடுதல்.

என் கதை சின்னது. என் அம்மாவுக்குச் சர்க்கரை. நெஞ்சில் ஒன்றுமே இல்லை, "அசதியா இருக்கு" என்று இரண்டு நாள் படுத்திருந்தார். அதுவும் மாரடைப்புதான். நர்ஸ் மகள் பக்கத்திலேயே இருந்தேன்.

மாடிவீடு
எனக்குப் படியேறும்போது மட்டும். இரண்டாவது மாடித் திருப்பத்தில் இறுகும், கைப்பிடியைப் பிடித்து நின்றால் விடும். வயது, எடை என்று இரண்டு மாதம் ஓட்டினேன். நிற்பதற்கு ஒரு சாக்காகப் போனைப் பார்க்கிற மாதிரி நடிப்பேன். ஒருநாள் சும்மா பல் தேய்க்கும்போதே வந்தது. முதல் இசிஜி சரி என்றதும் செருப்பை மாட்டிக்கொண்டேன். டாக்டர் விடவில்லை, சில மணி நேரம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்தார்கள். ட்ரோபோனின், அதாவது இதயத்தசை அடிபட்டால் ரத்தத்தில் கசிகிற புரதம், அதற்குள் ஏறியிருந்தது. முதல் இசிஜி சரியாக இருந்தால் போதாது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. விரல்நுனிக்கும் அப்படி இரண்டாவது தடவை எடுத்தார்களா?

விரல்நுனி
எடுத்தார்கள், சரியாகத்தான் இருந்தது. ஆளாளுக்கு என்னைப் பிடித்துக்கொள்ள வேண்டாம்.

ஆனால் மேலே ஒன்றை எழுதாமல் விட்டேன். போன வாரம் வந்தபோது விரல் மரக்கவில்லை. பதற்றமும் இல்லை, துணி மடித்துக்கொண்டிருந்தேன். நாளை மறுநாள் டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன்.

பழையஷிப்ட்
நாளை மறுநாள் இருக்கட்டும். இந்த நிமிடம் இறுக்கம் இருக்கிறதா, இல்லையா? அதை மட்டும் முதலில் சொல்லுங்கள்.