பழைய வெளியிணைப்பு எஞ்சினும் படகின் இலத்திரனியல் கருவிகளும்: ரொறன்ரோ தம்பியின் கேள்விக்குப் பதில்

அன்புள்ள சங்க உறவுகளுக்கு வணக்கம்.

ரொறன்ரோவிலிருந்து தம்பி சென்ற வாரம் கேட்டிருந்த கேள்விக்கு இது பதில். 1980களில் செய்யப்பட்ட 40 குதிரைவலு வெளியிணைப்பு எஞ்சின் (படகின் பின்புறத்தில் வெளியே மாட்டும் அவுட்போர்ட்) பூட்டிய பழைய படகொன்றை வாங்கிச் சிம்கோ ஏரியில் ஓட்டுகிறார். புதிதாகப் பூட்டிய ஃபிஷ் ஃபைண்டர் (நீருக்கடியில் மீன் இருப்பதைத் திரையில் காட்டும் கருவி) பகல் முழுவதும் ஒழுங்காக வேலை செய்துவிட்டு, கரைக்கு வேகமாகத் திரும்பிக்கொண்டிருந்தபோது திரை வெளுத்து நின்றுவிட்டது என்றும், கருவி பழுதானதா எஞ்சின் அதைப் பழுதாக்கியதா என்று தெரியவில்லை என்றும் எழுதியிருந்தார். ஊர்ப் படகுகளுக்கு ஜி.பி.எஸ். வாங்கி அனுப்புவது பற்றியும் சங்கத்தில் பேச்சு நடப்பதால், அவருக்குத் தனியாக எழுதாமல் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

என் கணிப்பு, எஞ்சின்தான் காரணம். அந்தக் காலத்து எஞ்சின்களில் மேலே சுழலும் பறக்கும் சில்லின் (ஃபிளைவீல்) உட்புறத்தில் நிலைக்காந்தங்கள் ஒட்டப்பட்டிருக்கும். அதற்குக் கீழே அசையாமல் இருக்கும் சுருள்களில் ஆடலோட்டம் (ஏ.சி.) பிறக்கும். அதை நான்கு இருவாயிகள் (டையோட்டுகள்) கொண்ட சிறிய சீராக்கி நேரோட்டமாக்கி (டி.சி.) நேரே பற்றரிக்கு அனுப்பும். அவ்வளவுதான். பற்றரி நிரம்பிவிட்டது, இனிப் போதும் என்று சொல்ல அங்கே எந்தப் பாகமும் இல்லை. காரிலுள்ள ஒல்ரனேற்றரில் காந்தப்புலத்தையே கூட்டிக் குறைக்கலாம். நிலைக்காந்தத்தை அப்படிக் குறைக்க முடியாது. எஞ்சின் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறதோ அதற்கேற்ப அது தள்ளிக்கொண்டே இருக்கும். சிறிய எஞ்சின்களில் 4 முதல் 6 அம்பியர், தம்பியுடையதைப் போன்ற நடுத்தர எஞ்சின்களில் 10 அம்பியர் வரை கிடைக்கும்.

அக்காலத்தில் இதை யாரும் குறையாகக் கருதவில்லை. படகில் இருந்தது ஒரு ஸ்ரார்ட்டர், இரண்டு விளக்கு, தண்ணீர் இறைக்கும் ஒரு பம்பு; பற்றரியும் மூடியைத் திறந்து நீர் விடக்கூடிய ஈய-அமிலப் பற்றரி. மிஞ்சிய மின்சாரத்தை அந்தப் பற்றரி தன் நீரை வாயுவாகப் பிரித்துச் செலவழித்துவிடும். பருவத்தில் சில தடவை காய்ச்சி வடித்த நீர் விட்டால் கதை முடிந்தது.

தம்பியின் கருவி பகல் முழுவதும் தப்பித்துத் திரும்பும்போது போனதற்கும் விளக்கம் இதிலேயே இருக்கிறது. மெதுவாக ஓட்டி மீன் பிடிக்கும்போது சுருள்கள் அதிகம் தருவதில்லை. தருவதையும் பற்றரி விழுங்கிக்கொள்ளும். வீட்டில் சார்ஜரில் இரவு முழுவதும் போட்டு நிரப்பிய பற்றரியோடு ஒருவர் நிமிடத்துக்கு 5000 சுற்று வேகத்தில் அரை மணி நேரம் ஓடினால், பற்றரி வாங்க மறுக்கத் தொடங்கும், வோல்ற்றளவு மேலே ஏறும். ஓய்வில் 12.7 காட்டும் பற்றரியின் முனைகளில் அப்போது 15.5, 16, சில எஞ்சின்களில் அதற்கும் மேல் காட்டும். பல ஃபிஷ் ஃபைண்டர்கள் 17 அல்லது 18 வோல்ற் வரை தாங்கும் என்று கையேட்டில் போட்டிருப்பதால் இது மட்டும் அவற்றைக் கொல்லாமல் விடலாம். படகிலிருந்து பேசும் வி.எச்.எஃப். வானொலிக்கு அந்த இடைவெளியும் இல்லை: வழக்கமாக 13.6 வோல்ற், அதிலிருந்து 15 சதவீதம் கூடவோ குறையவோ போகலாம் என்பார்கள், அதாவது 15.6 வோல்ற்றோடு எல்லை முடிகிறது.

உண்மையில் கொல்வது பெரும்பாலும் வேறொன்று. இந்த அமைப்பில் வோல்ற்றளவைப் பிடித்து வைத்திருப்பது பற்றரி மட்டுமே. எஞ்சின் ஓடும்போது பற்றரி ஒரு கணம் துண்டிக்கப்பட்டால், சுருள்கள் பல பத்து வோல்ற்றை நேரே கம்பிகளுக்குள் தள்ளிவிடும். கருவியும் போகும், சீராக்கியும் போகும். துண்டிப்பதற்கு ஆள் வந்து கழற்ற வேண்டியதில்லை. தம்பி, உங்கள் பற்றரி முனைகளைப் போய்ப் பாருங்கள். கையால் திருகும் சிறகு நட்டுப் போட்டிருந்தால், வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால், கம்பியின் தலையைப் பிடித்து அசைக்கும்போது அது முனையில் சற்றே சுழன்றால், விடை அங்கேயே இருக்கிறது. அலையில் படகு அடிக்கும் ஒவ்வொரு தடவையும் அந்த இடம் விட்டு விட்டுத் தொடும். சிறகு நட்டை எறிந்துவிட்டு, நைலோன் வளையம் உள்ள நட்டைச் சாவியால் இறுக்குங்கள். பற்றரிச் சுவிச்சு இருந்தால் எஞ்சின் ஓடும்போது அதைத் தொடவேண்டாம்.

அடுத்து, எஞ்சின் வேகமாக ஓடும்போது வோல்ற்றளவை அளந்து பாருங்கள். மீற்றரைப் பற்றரியின் ஈய முனைகளிலேயே வையுங்கள், கம்பியின் மறுதலையில் அல்ல. பற்றரி நிரம்பியிருக்க வேண்டும், படகு தண்ணீரில் ஓட வேண்டும். கரையில் நீர்க்குழாய் மாட்டி வைத்து எஞ்சினை உயர் சுற்றுக்கு முறுக்குவது அதற்குக் கேடு. மலிவான இலக்க மீற்றர்கள் பொறித்திரியின் (ஸ்பார்க் பிளக்) மின் இரைச்சலில் குழம்பி எண்களைத் துள்ள விடும். அப்படியானால் ஊசி மீற்றர் ஒன்றை இரவல் வாங்குங்கள்.

இனிப் பாதுகாப்பு. நான் முதலில் சொல்வதும் கடைசியில் சொல்வதும் ஒன்றுதான்: இலத்திரனியல் கருவிகளுக்கு எஞ்சினோடு எந்தத் தொடர்பும் இல்லாத தனிப் பற்றரி ஒன்று வையுங்கள். ஐந்து அங்குலத் திரையுள்ள சாதாரண ஃபிஷ் ஃபைண்டர் அரை அம்பியர் அளவே குடிக்கும். 7 அல்லது 9 அம்பியர்-மணி கொண்ட சிறிய மூடிய பற்றரி ஒரு நாளைக்குத் தாராளமாகப் போதும். மாலையில் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய் அதற்குரிய சார்ஜரில் போடலாம். இன்னொரு நன்மையும் உண்டு. ஸ்ரார்ட்டர் இழுக்கும்போது பெரிய பற்றரி ஒன்பது, பத்து வோல்ற்றுக்கு விழும்; கருவி அணைந்து மறுபடி எழும் தொல்லையும் இதோடு தீரும்.

ஒரே பற்றரியில்தான் எல்லாம் ஓட வேண்டும் என்றால், பழைய சீராக்கியைக் கழற்றிவிட்டு, சீராக்கியும், வோல்ற்றளவைக் கட்டுப்படுத்தும் ரெகுலேற்றரும் சேர்ந்த பெட்டியைப் பூட்டுங்கள். இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். வோல்ற்றளவு கூடும்போது சுற்றைத் துண்டித்து விடும் வகையை விட, சுருள்களைத் தமக்குள்ளேயே இணைத்துச் சுற்றிவிடும் வகையே இந்த நிலைக்காந்தச் சுருள்களுக்கு ஏற்றது. ஓடும் வாய்க்காலை அடைத்தால் வரம்பு உடைகிறது, பக்கத்துக் காணிக்குத் திருப்பிவிட்டால் உடைவதில்லை. இச்சுருள்களின் இயல்பே ஓட்டத்தை ஓரளவுக்கு மேல் போக விடாதது என்பதால், அவற்றை அப்படி இணைப்பதில் ஆபத்தில்லை. வெப்பம் மட்டும் பிறக்கும். ஆகவே பெட்டியை உலோகத் தகட்டில், காற்றுப் படும் இடத்தில் இறுக்க வேண்டும். அதன் அம்பியர் அளவு உங்கள் சுருளினுடையதை விடக் கூடவே இருக்க வேண்டும். சுற்றுமானி பெரும்பாலும் சாம்பல் நிறக் கம்பியில் சுருளின் துடிப்பை எண்ணித்தான் எஞ்சினின் வேகம் காட்டுகிறது. அந்தக் கம்பிக்குப் புதிய பெட்டியில் இடம் இருக்கிறதா என்று வாங்குமுன் பாருங்கள். பெட்டியோடு இணைக்க வேண்டிய கம்பிகளின் நிறம் எஞ்சினுக்கு எஞ்சின் மாறும்: மேர்க்குரியில் சுருள்களிலிருந்து இரண்டு மஞ்சள் கம்பிகளும், ஜோன்சன், எவின்றூட்டில் ஒரு மஞ்சளும் சாம்பல் கோடுள்ள இன்னொரு மஞ்சளும், யமஹாவில் பச்சைக் கம்பிகளும் வருவது வழக்கம். (எவின்றூட் என்ற பெயருக்குரிய ஒலே எவின்றூட் 1877இல் இங்கே நோர்வேயில் பிறந்து, சிறு பிள்ளையாக அமெரிக்கா போனவர். பழைய எஞ்சினைக் கிளறும் நோர்வேக்காரர் எவரும் அதைச் சொல்லாமல் சாவியைக் கையில் எடுப்பதில்லை. அந்த எஞ்சின்களின் உற்பத்தி 2020இல் நின்றுவிட்டது. ஆனாலும் பிற நிறுவனங்கள் செய்யும் சீராக்கிகள் இன்னும் கிடைக்கின்றன.)

கருவிக்கு முன்னால் 7812 என்ற மூன்று கால் ரெகுலேற்றரைப் போடலாமா என்று தம்பி கேட்டிருந்தார். வேண்டாம். வெளியே 12 வோல்ற் தர அதற்கு உள்ளே ஏறத்தாழ 14 வேண்டும். எஞ்சின் நின்றிருக்கும்போது 12.4 மட்டும் கிடைத்தால் கருவிக்குப் பத்தரை வோல்ற்றே போகும். 9 முதல் 36 வோல்ற் வரை வாங்கி நிலையான 12 அல்லது 13.8 வோல்ற் தரும் நேரோட்ட மாற்றி (டி.சி.-டி.சி. கொன்வேற்றர்) அதைவிடப் பல மடங்கு நல்லது. ஃபிஷ் ஃபைண்டருக்குச் சிறியது போதும். 25 வாற்றில் பேசும் வானொலி 5, 6 அம்பியர் இழுப்பதால் அதற்குப் பெரியது வேண்டும். மேலதிகக் காவலாக, உருகிக்கு (ஃபியூஸ்) பின்னால் ஒரு டி.வி.எஸ். இருவாயி போடுவதில் தவறில்லை. கணநேர உச்சங்களை அது விழுங்கும். தொடர்ந்து 17 வோல்ற் வந்தால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

லித்தியம் பற்றரி பற்றி ஒரு வார்த்தை. அதைத் தனிப் பற்றரியாக வைத்து வீட்டில் சார்ஜ் செய்வது மிகவும் நல்லது. ரெகுலேற்றர் இல்லாத எஞ்சினோடு இணைக்கவே கூடாது. வோல்ற்றளவு ஏறியதும் அதனுள்ளிருக்கும் காவற்சுற்று தன்னைத் துண்டித்துக்கொள்ளும். அப்போது நேர்வது, மேலே சொன்ன பற்றரி கழன்ற கதைதான்.

ஊர் விடயம். அங்குள்ள சிறு படகுகளில் கயிறு இழுத்து ஓட்டும் எஞ்சின்கள் பல. சிலவற்றில் விளக்குக்கென ஒரு சுருள் மட்டும் இருக்கும், சீராக்கிகூட இருக்காது. அந்தக் கம்பியில் வருவது வெறும் ஆடலோட்டம். விளக்கு எரிகிறதே என்று ஜி.பி.எஸ்.ஸை அதில் கொழுவினால் அன்றைக்கே முடிந்துவிடும். ஆகவே சங்கம் கருவி அனுப்புவதானால், ஒவ்வொன்றோடும் ஒரு சிறிய மூடிய பற்றரி, ஒரு சார்ஜர், உருகிக்கூடு, நீர் புகாத பெட்டி ஆகியவற்றையும் செலவில் சேர்க்குமாறு பொருளாளரைக் கேட்டுக்கொள்கிறேன். பற்றரியையும் சார்ஜரையும் பருத்தித்துறையிலோ யாழ்ப்பாணத்திலோ வாங்குவதே நல்லது. விமானத்தில் அனுப்புவது வீண் சிக்கல்.

தம்பி, எஞ்சினின் தொப்பியைக் கழற்றிச் சீராக்கியையும் அதற்கு வரும் கம்பிகளையும் படம் எடுத்து அனுப்புங்கள். பக்கத்தில் ஒட்டியிருக்கும் மாதிரி எண்ணும் தெரியட்டும். எந்தப் பெட்டி பொருந்தும் என்று பார்த்து எழுதுகிறேன்.

அன்புடன்,
பேர்கனிலிருந்து உங்கள் அண்ணன்