ஸ்வர்ல் பாட் வைத்தும் இரண்டே நிமிடத்தில் எஞ்சின் நின்றுவிடுகிறது, உதவுங்கள்

காவேரிப்பட்டணத்திலிருந்து:
வணக்கம். வீட்டிலேயே கோக்கும் கிட் கார், ஜிப்சியின் 1.3 எம்பிஎஃப்ஐ (இன்ஜெக்டர் வழியாகப் பெட்ரோலைப் பீய்ச்சும்) எஞ்சின். இன்னும் ரோட்டுக்குக் கொண்டுபோகவில்லை, எங்கள் மாந்தோப்பைச் சுற்றிய மண்பாதையில்தான் ஓட்டிப் பார்க்கிறேன். டேங்க் தட்டையானது, உள்ளே தடுப்பு இல்லை. வளைவில் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்ப் காற்றை இழுத்தது. அதனால் பட்டறையில் சொல்லி 1.2 லிட்டர் அலுமினிய ஸ்வர்ல் பாட் (பம்ப் காற்றை இழுக்காமல் இருக்க, டேங்குக்கும் பம்புக்கும் நடுவில் வைக்கும் சின்ன பெட்ரோல் பாத்திரம்) செய்து வைத்தேன். கார்புரேட்டர் வண்டிக்கான சின்ன எலக்ட்ரிக் பம்ப் டேங்கிலிருந்து பாட்டை நிரப்பும். பாட்டின் அடியிலிருந்து பிரஷர் பம்ப் எடுக்கும். அழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டர் திருப்பிவிடும் மிச்சப் பெட்ரோல், அதாவது ரிட்டர்ன், டேங்குக்குப் போகிறது. பாட்டின் தலையிலிருந்தும் ஒரு ஹோஸ் டேங்குக்கு.

இப்போது நேர் பாதையிலேயே இரண்டு நிமிடத்தில் திணறி நின்றுவிடுகிறது. சாவியை ஆனில் விட்டுக் காத்திருந்தால் ஸ்டார்ட் ஆகிறது, மறுபடி அதே இரண்டு நிமிடம். ஃபில்டர் மாற்றியாயிற்று. மூன்று வாரமாகத் தூக்கமே இல்லை.

பாலக்கோட்டிலிருந்து:
தம்பி, ஒவ்வொரு தடவையும் அதே இரண்டு நிமிடம் என்றால் பாட் காலியாகிறது. பிரஷர் பம்ப் எஞ்சின் குடிக்கிற அளவு மட்டும் அனுப்பாது. முழுதாகத் தள்ளும், ரெகுலேட்டர் மிச்சத்தைத் திருப்பிவிடும். இரண்டு பம்பையும் அளந்து பாருங்கள். எஞ்சினை ஓட்டாமல் ரிலே வழியாகப் பம்பை மட்டும் ஓட்டி, ஒரு நிமிடம் கேனில் பிடியுங்கள். திறந்த வெளியில் செய்யுங்கள், பேட்டரி தள்ளியே இருக்கட்டும்.

காவேரிப்பட்டணத்திலிருந்து:
அளந்தேன் அண்ணா. சின்ன பம்ப் 1.1 லிட்டர், பிரஷர் பம்ப் ரிட்டர்னில் 1.7 லிட்டர்.

பாலக்கோட்டிலிருந்து:
சரி, நிமிடத்துக்கு 0.6 லிட்டர் பற்றாக்குறை. 1.2 லிட்டர் பாட் இரண்டு நிமிடத்தில் வற்றுகிறது. ரிட்டர்னை டேங்கிலிருந்து கழற்றிப் பாட்டுக்கே கொண்டுவாருங்கள். மேல்பகுதியில், சுவரை ஒட்டிச் சாய்வாக நுழைய வேண்டும். அப்போதுதான் பெட்ரோல் சுழன்று, காற்றுக்குமிழ் நடுவில் சேர்ந்து மேலே போகும். தலையிலிருந்து டேங்குக்குப் போகும் ஹோஸ் ரிட்டர்னைவிடக் குறுகலாக இருக்கக் கூடாது, பாட்டில் அழுத்தம் ஏறிவிடும். இப்படி மாற்றினால் சின்ன பம்ப் எஞ்சின் எரிப்பதை ஈடுகட்டினாலே போதும். முழு ஆக்ஸிலேட்டரில்கூட இந்த எஞ்சினுக்கு நிமிடம் அரை லிட்டர் ஆகாது.

ஓசூரிலிருந்து:
ஃப்யூயல் ரெயிலில் (எஞ்சின் மேல் இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொடுக்கும் குழாய்) சூடான பெட்ரோல் சின்ன பாட்டுக்குள்ளேயே சுற்றினால் சித்திரை வெயிலில் ஆவிப்பூட்டு, அதாவது பெட்ரோல் ஆவியாகி ஓட்டம் தடைபடுவது, வராதா?

பாலக்கோட்டிலிருந்து:
நல்ல கேள்வி. சின்ன பம்ப் 1.1 தருகிறது, எஞ்சின் எடுப்பது அரை லிட்டருக்கும் குறைவு. மிச்சம் பாட்டின் தலை வழியாக டேங்குக்கு வழிந்துகொண்டே இருக்கும், கூடவே சூடும் வெளியேறும். ஆனால் பாட்டை சைலன்சர் பைப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

காவேரிப்பட்டணத்திலிருந்து:
நேற்று மாலை மாற்றினேன். வழியும் இடத்தில் ஒரு சாண் கிளியர் ஹோஸ் போட்டுப் பார்த்தேன். முதலில் வெள்ளை நுரை, அப்புறம் கண்ணாடி மாதிரி பெட்ரோல். டேங்க் கால் பாகம் இருக்கும்போதே கிணற்று மேட்டு வளைவில் விடாமல் இருபது சுற்று போனேன், ஒரு தடவைகூடத் திணறவில்லை. பாட்டைத் தொட்டால் வெதுவெதுப்புதான். உங்கள் கையைப் பிடித்து நன்றி சொல்ல வேண்டும் அண்ணா.

பாலக்கோட்டிலிருந்து:
சந்தோஷம் தம்பி. அந்தக் கிளியர் ஹோஸை இன்றைக்கே கழற்றுங்கள், பெட்ரோலில் ஊறினால் விறைத்து விரிசல் விடும். இன்னொன்று: சாவி ஆனில் இருந்தாலே சின்ன பம்ப் ஓடுகிறது என்று தெரிகிறது. வண்டி கவிழ்ந்து எஞ்சின் நின்றாலும் அது பெட்ரோலைத் தள்ளிக்கொண்டே இருக்கும். இரண்டு பம்பையும் இசியூ (எஞ்சினை இயக்கும் கம்ப்யூட்டர்) கட்டுப்படுத்தும் ரிலேக்கு மாற்றி, தனித்தனி ஃபியூஸ் போட்டுவிட்டு அடுத்த சுற்று போங்கள்.