கோரைக்குப் ‘பூவடிச்செதில்’ சரிவராது: ‘கதிரடி இலை’ என்று வைக்கலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

கோரைப் பேரினத்தின் (Cyperus) பூங்கொத்துக்குக் கீழே இருக்கும் உறுப்பை (bract), நம் கலைச்சொல் பட்டியலில் பாடநூல் வழக்கப்படி ‘பூவடிச்செதில்’ என்றே எழுதிவிடலாம் என்று சிலர் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு உடன்பாடில்லை.

கும்பகோணம் பக்கம் ஏதாவது ஒரு வரப்பில் கோரையைப் பிடுங்கிப் பாருங்கள். தண்டை விரல்களுக்கு நடுவே உருட்டினால் மூன்று விளிம்பு தட்டுப்படும். நெல்தாள் மாதிரி உள்ளே கூடாக இருக்காது. இலைகள் மூன்று திசையில் போகும். நெல்லுக்கு இரண்டே திசை. அப்புறம் நுனிக்கு வாருங்கள். கதிர்க்காம்புகள் பிரியும் இடத்தில் இரண்டு மூன்று பச்சை இலைகள் விரிந்து நிற்கும். பல நேரம் பூங்கொத்தையே தாண்டி நீளும். அடியிலுள்ள இலையையும் இதையும் பக்கத்தில் வைத்தால் வேறுபாடு சொல்வது கடினம். இதைச் செதில் என்றால் எந்த மாணவர் ஏற்றுக்கொள்வார்?

உண்மையான செதில் சிறுகதிரில், அதாவது பூங்கொத்திலுள்ள சின்னச் சின்னக் கதிர்களில் இருக்கிறது. செம்பழுப்பு நிறத்தில், பின்னல் சடை போல இரு வரிசையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். ஒவ்வொன்றின் கக்கத்திலும் ஒரு பூ. இந்த இருவரிசை அடுக்கு பேரினத்தைக் கண்டுகொள்ள முக்கியமான அடையாளம். ஆகவே ‘செதில்’ என்ற சொல்லை இதற்கே விட்டுவைக்க வேண்டும். ‘உமி’ என்று மாற்றுவதும் சரியில்லை. டெல்டாவில் உமி என்றால் அரிசியை இறுக மூடியிருப்பது. கோரையில் அப்படி எதுவும் கனியை மூடுவதில்லை.

‘குடையிலை’ அழகான சொல்தான். ஆனால் நடவு வயலில் வரும் வட்டக்கோரைக்குப் பூங்கொத்து உருண்டை உருண்டையாக இருக்கும். வாய்க்கால் ஓரத்தில் வெள்ளைத் தலையோடு நிற்கும் கில்லிங்கா (Kyllinga) என்ற கோரை வகையையும் இப்போது இதே பேரினத்தில் சேர்த்துவிட்டார்கள். 900க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ள பேரினத்துக்குக் குடை வடிவத்தை வைத்துப் பெயரிட்டால் பாதி வழியில் நின்றுவிடும். ‘மடல்’ வாழைப்பூவுக்குப் பொருந்தும், அது பூவை மூடிக் காக்கிறது. கோரையில் அந்த வேலை இல்லை.

எனவே என் முன்மொழிவு ‘கதிரடி இலை’. இருக்கும் இடத்தையும் தோற்றத்தையும் ஒருசேரச் சொல்கிறது. குளங்களில் வளரும் சில உறவினக் கோரைகளில் இது ஒற்றையாகத் தண்டின் நீட்சி போலவே நிமிர்ந்து நிற்கும். பூங்கொத்து பக்கவாட்டில் முளைத்ததாகத் தோன்றும். ‘அது தண்டு இல்லை, கதிரடி இலை’ என்று ஒரே வரியில் விளக்கிவிடலாம்.

சில இனங்களில் இது மிகவும் குட்டையாகிச் செதில் போல ஆகிவிடும் என்பது சரியான மறுப்பு. அங்கே ‘குட்டைக் கதிரடி இலை’ என்று அடைமொழி சேர்க்கலாம், சொல்லை மாற்ற வேண்டாம்.

பட்டியலில் இந்தச் சொல்லுக்கான பதிவை இப்படி எழுதலாமா, பாருங்கள்: ‘கதிரடி இலை: கோரை வகைகளில் பூங்கொத்தின் அடியில், தண்டின் நுனியில் தோன்றும் இலை போன்ற உறுப்பு.’