கேப்பர் மலைச் செம்மண் மேடுகளில் ஏற்ற இறக்க ஓட்டம்: வழித்தடம் சொல்லுங்கள்

தேவனாம்பட்டினத்தான் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 52. எட்டு ஆண்டுகளாகக் கடலூர் வெள்ளிக் கடற்கரைச் சாலையில் ஓடிவருகிறேன்; 10 கிலோமீட்டரை ஏறக்குறைய 65 நிமிடங்களில் முடிப்பேன். ஆனால் இத்தனை ஆண்டுகளில் நான் ஏறிய பெரிய மேடு கெடிலத்துப் பாலம்தான் என்று சொன்னால் மிகையாகாது.

செப்டம்பர் இறுதியில் ஆறு வாரங்கள் மகள் வீட்டில் தங்கப் போகிறேன். அவள் இருப்பது இங்கிலாந்தில், வடக்கு யார்க் மூர்ஸ் தேசியப் பூங்காவின் ஓரத்திலுள்ள சிறு கிராமம். வீட்டின் பின்புறம் தொடங்கி மேட்டின் மேலேறி, மரமே இல்லாத புதர்வெளியைச் சுற்றிக்கொண்டு திரும்பும் 12 கிலோமீட்டர் தடம் ஒன்று இருப்பதாகவும், அதில் மொத்தம் 300 மீட்டர் ஏற்றம் வரும் என்றும் சொல்கிறாள். அதற்கு என் கால்களைப் பழக்க இன்னும் மூன்று மாதங்கள் இருக்கின்றன. திருவந்திபுரம், கேப்பர் மலைப் பக்கம் தனியாக ஓடக்கூடிய தடங்கள் எவை? மகள் இருக்கும் இங்கிலாந்து மேட்டு நிலத்தில் ஓடியவர்கள் யாராவது இருந்தால், நான் எதை எதிர்பார்க்க வேண்டும் என்பதையும் சொன்னால் உதவியாக இருக்கும்.

மேட்டுக்கொல்லை எழுதியது:

வணக்கம் ஐயா. நான் பிறந்து வளர்ந்தது ஒதியடிக்குப்பம் பக்கம். நாங்கள் மலை என்று சொல்வதைக் கேட்டு வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். செங்குத்தான பாறை ஒன்றும் இங்கே கிடையாது. கடலூர் மணற்கல் என்று நிலவியலார் பெயரிட்டிருக்கும் படிவம் மேடாக எழுந்து நிற்பதுதான் எங்கள் மலை. திருவக்கரையில் கல்மரங்கள், அதாவது கல்லாகிப்போன பழைய மரங்கள், கிடப்பதும் இதே படிவத்தில்தான். ஓடுகிறவருக்கு இதனால் ஆக வேண்டிய செய்தி ஒன்று உண்டு: மேற்பரப்பு இறுகிய செம்மண்ணாகவும், அதன்மேல் உருண்டைச் சரளை தூவியதாகவும் இருக்கும். ஏறும்போது இது தெரியாது. இறங்கும்போது தரையில் கேழ்வரகைக் கொட்டி அதன்மேல் நடப்பதைப் போல வழுக்கும்.

முதல் இரண்டு வாரங்களுக்குத் திருவந்திபுரத்தையே வைத்துக்கொள்ளுங்கள். தேவநாத சுவாமி கோயிலுக்கு எதிரே, ஹயக்ரீவர் சன்னதி இருக்கும் ஔஷதகிரிக்குப் படிகளில் ஓட வேண்டாம். அது வழிபாட்டு இடம், காலையில் பக்தர்கள் வருவார்கள். அங்கிருந்து மேடேறி எம். புதூர் பக்கம் போகும் தார்ச்சாலையில் விட்டு விட்டு ஏறிப் பழகுங்கள். அதன்பிறகு ஒதியடிக்குப்பம், ராமாபுரம், வெள்ளக்கரை, வழிசோதனைப்பாளையம் என்று மலைக் கிராமங்களை இணைக்கும் சாலைகளும், அவற்றிலிருந்து வாழைத் தோட்டங்களுக்கும் முந்திரிக் கொல்லைகளுக்கும் பிரியும் வண்டிப்பாட்டைகளும் இருக்கின்றன. ஊருக்கு ஊர் இறங்கி ஏறும் நிலம் இது. எந்த ஓர் ஏற்றமும் பெரிதில்லை என்றாலும், 10 கிலோமீட்டருக்குள் பலமுறை வருவதால் கூட்டிப் பார்த்தால் உங்கள் கைக்கடிகாரம் நல்ல கணக்கைக் காட்டும்.

தானே புயல் 2011 டிசம்பர் 30 அன்று கரையேறியபோது இப்பகுதியில் முந்திரியும் பலாவும் கொத்துக்கொத்தாகச் சாய்ந்தன. மீண்டும் நட்டவை வளர்ந்துவிட்டாலும், பழைய மரங்களின் அடர்ந்த நிழலை எல்லா இடத்திலும் எதிர்பார்க்க முடியாது. ஐந்தரைக்குத் தொடங்கி ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள். கொல்லைகள் அனைத்தும் பட்டா நிலங்கள். பாட்டையை விட்டு உள்ளே இறங்கும் முன் அங்கிருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். யாரும் மறுக்க மாட்டார்கள், ஆனால் கேட்காமல் ஓடினால் நாய்கள்தாம் முதலில் கேட்கும். முந்திரிச் சருகு மூடிய இடத்தில் கால் வைக்காதீர்கள்; விரியன் இருந்தால் கண்ணுக்குத் தெரியாது.

புதுவை ஓட்டக்காரன் எழுதியது:

கடலூரிலிருந்து புதுச்சேரி பக்கத்துக்கு வர முடியுமானால் இன்னொரு தடம் சொல்கிறேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பொம்மையார்பாளையத்திலிருந்து ஆரோவில் மேட்டுக்கு ஏறுங்கள். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 50 மீட்டர் உயரம், சில கிலோமீட்டரில் மெல்ல மெல்ல ஏறும். 1968-இல் ஆரோவில் தொடங்கியபோது அந்த மேடு பெரும்பாலும் பொட்டல் செம்மண்ணாகவே இருந்தது. இன்று மரநிழலில் ஓடலாம். ஆனால் பொம்மையார்பாளையத்துச் செம்மண் பள்ளங்களுக்குள் இறங்கி ஓடுவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். படம் எடுக்க அழகான இடம்தான், என்றாலும் மழை அரித்த கரைகள் எப்போது சரியும் என்று சொல்ல முடியாது. மழை பெய்த மறுநாள் கரையோரம் நிற்பதே தவறு.

உண்மையான உயரம் வேண்டுமானால் மாதம் ஒருமுறை செஞ்சிக்குப் போய் ராஜகிரி ஏறிவிட்டு வாருங்கள். 800 அடி, அதாவது ஏறத்தாழ 240 மீட்டர். ஒரே ஏற்றத்தில் உங்கள் மகள் சொன்ன கணக்கில் முக்கால் பங்குக்கு மேல் வந்துவிடும்.

வாடைக்காற்று எழுதியது:

நான் நெல்லிக்குப்பத்துக்காரன், உங்கள் மகள் சொன்ன பூங்கா இருக்கும் யார்க்ஷயரில் நான்கு ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவன். செஞ்சி பற்றிப் புதுவை நண்பர் சொன்னதில் எனக்குச் சிறு மாறுபாடு உண்டு. ராஜகிரி படிக்கட்டு மூச்சைப் பழக்கும், காலடியைப் பழக்காது. படி என்பது ஒவ்வோர் அடிக்கும் ஒரே அளவில் உறுதியான தளம். அந்தப் புதர்வெளியில் இல்லாத ஒன்று அதுதான். அங்கே தரை என்பது நூற்றாண்டுக் கணக்கில் மட்கி நீர் ஊறிய கரிய மண். மேலே ஹெதர் என்னும் குட்டையான புதர் கணுக்கால் முதல் முழங்கால் வரை மூடியிருக்கும். சில இடங்களில் கால் அரையடி புதையும். சில இடங்களில் பழங்காலத்தில் பாவிய கற்பலகைப் பாதை வரும், அது நனைந்திருந்தால் எண்ணெய் தடவியது போல் இருக்கும். ஆகவே உங்களுக்கு ஏற்ற பயிற்சிக்களம் மேட்டுக்கொல்லை சொன்ன சரளைப் பாட்டையும், நீங்கள் நாள்தோறும் பார்த்துக்கொண்டே தார்ச்சாலையில் கடந்துபோகும் கடற்கரை மணலும்தான். வாரம் ஒருநாள் உலர்ந்த மணலில் 20 நிமிடங்கள் ஓடுங்கள். கெண்டைக்கால் நன்றி சொல்லாது, ஆனால் கணுக்கால் உறுதிப்படும்.

நேரக் கணக்குக்கு ஒரு பழைய விதி உண்டு. ஸ்காட்லாந்துக்காரரான நைஸ்மித் 1892-இல் மலைநடைக்குச் சொன்னது: மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 2,000 அடி ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். இதை உடைத்துப் பார்த்தால் 1 மீட்டர் ஏற்றம் 8 மீட்டர் சமதள தூரத்துக்கு ஏறத்தாழச் சமம். உங்கள் 300 மீட்டர் ஏற்றம் 2.4 கிலோமீட்டராகிறது, 12 கிலோமீட்டர் தடம் 14.4 ஆகிவிடும். உங்கள் வேகத்தில் 78 நிமிடங்கள் ஆக வேண்டியது 94 நிமிடங்கள் ஆகும், அதுவும் தரை நன்றாக இருந்தால்தான். முதல்முறை இரண்டு மணி நேரம் என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

ஏற்றத்தைவிட இறக்கமே ஆளைச் சாய்க்கும். இறங்கும்போது முன்தொடைத் தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்குகிறது. பழக்கமில்லாதவருக்கு மறுநாளைவிட இரண்டாம் நாள் வலி அதிகம். எனவே கேப்பர் மலையில் ஏறிவிட்டு இரு சக்கர வண்டியில் இறங்கும் ஏற்பாடு எதுவும் வேண்டாம். குறுகிய காலடி, சற்று முன்சாய்ந்த உடல், பார்வை நான்கைந்து அடி முன்னே. மூன்று மாதங்கள் இதைச் செய்தால் போதும்.

வழி தவறுவது பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கடலூரில் மேட்டில் நின்றால் ஏதோ ஒரு செல்பேசிக் கோபுரமோ கோயில் கோபுரமோ கண்ணில் படும். அங்கே மூடுபனி இறங்கினால் பத்தடிக்கு அப்பால் எல்லாத் திசையும் ஒன்றுபோல் தெரியும். செல்பேசியை மட்டும் நம்பாமல், பிரிட்டனின் அரசு வரைபட நிறுவனமான ஆர்டனன்ஸ் சர்வேயின் 25,000-க்கு 1 அளவு வரைபடம் வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் மகளின் கிராமம் மேற்கா கிழக்கா என்பதைப் பொறுத்து ஓஎல்26 அல்லது ஓஎல்27 என்ற எண்ணுள்ள தாள். அதில் பச்சைக் கோடிட்டவை பொதுப் பாதைகள். மஞ்சள் பூசிய வெளி 2000-ஆம் ஆண்டுச் சட்டப்படி காலால் செல்ல யாருக்கும் உரிமையுள்ள நிலம், ஓடவும் தடையில்லை. நம்மூர்க் கொல்லைக்காரரிடம் கேட்பதைப் போல அங்கே கேட்கத் தேவையில்லை. ஆனால் ஆட்டுப்பட்டிக் கதவைத் திறந்தால் மூடிவிட்டுப் போக வேண்டும். காற்றையும் மழையையும் தடுக்கும் மெல்லிய மேற்சட்டை, ஊதல், ஒரு கைப்பிடி கடலைமிட்டாய் ஆகியவை இடுப்புப் பையில் எப்போதும் இருக்கட்டும். ஆபத்தில் ஒரு நிமிடத்தில் ஆறுமுறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஊத வேண்டும். பெரணிப் புதருக்குள் புகுந்து வந்தால் வீட்டில் கால்களை உண்ணிக்காகப் பார்த்துக்கொள்ளுங்கள். அங்குள்ள உண்ணிகள் லைம் நோய் என்னும் பாக்டீரியாத் தொற்றைப் பரப்பக்கூடியவை. அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள். அதன்பிறகு ஐந்து மணிக்கு முன்னரே இருட்டிவிடும், மாலை ஓட்டத்தை மறந்துவிடலாம்.

ஹெதர் பூப்பது ஆகஸ்ட் மாதம். மலை முழுவதும் ஊதாவாக இருக்கும். நீங்கள் போகும்போது பழுப்பேறியிருக்கும், அது ஒன்றுதான் குறை.

தேவனாம்பட்டினத்தான் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. 94 நிமிடக் கணக்கை மகளுக்கு அனுப்பினேன்; அவளுக்கே முதல்முறை இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்றாம், என்னிடம் சொல்லாமல் விட்டிருக்கிறாள். செவ்வாயும் வெள்ளியும் மேடு, ஞாயிறு உலர்மணல் என்று வைத்துக்கொள்கிறேன். செஞ்சிக்கு ஒருமுறை போவேன், ஆனால் குடும்பத்தோடு, ஓடாமல். மேட்டுக்கொல்லைக்கு ஒரு கேள்வி: ஜூலையில் மாலைநேர இடிமழை பெய்தால் மறுநாள் காலை அந்தப் பாட்டைகளில் ஓட முடியுமா?

மேட்டுக்கொல்லை எழுதியது:

முடியும் ஐயா. செம்மண் தண்ணீரைச் சீக்கிரம் உறிஞ்சிவிடும், சரளையும் ஈரத்தில் கொஞ்சம் பிடிகொடுக்கும். காய்ந்த நாளைவிட இறங்குவது எளிது. ஓடை குறுக்கிடும் இடங்களில் மட்டும் பாட்டை அறுந்திருக்கலாம், அங்கே நடந்து கடந்துவிடுங்கள். வெள்ளைக் காலணி மட்டும் வேண்டாம், கறை எந்தச் சோப்புக்கும் போகாது. வெள்ளி காலை ஐந்தரைக்குத் திருவந்திபுரம் ஆற்றங்கரையில் நிற்கிறேன், முதல்நாள் சேர்ந்தே ஓடுவோம்.